எம்.எஸ்.டபிள்யூ சேரப் போகிறீர்களா? விண்ணப்பம் முதல் கடைசிக் கையெழுத்து வரை

நான் பி.எஸ்சி வேதியியல் முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப் பணி முதுகலை, படித்தவள். எங்கள் ஊரில் அந்தப் படிப்பைப் படித்தவர்கள் யாரும் கிடையாது. கேட்க ஆள் இல்லாததால் முதல் வருடம் சேரவே முடியவில்லை. ப்ரொவிஷனல் சான்றிதழ் (பட்டம் வரும் வரை தரும் தற்காலிகச் சான்றிதழ்) கைக்கு வந்தபோது எல்லா இடத்திலும் சேர்க்கை முடிந்திருந்தது. அடுத்த வருடம் சேர்ந்தேன். இரண்டாவது மாதமே படிப்பை விட்டுவிடலாமா என்ற நிலை. கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் வைத்திருந்தேன், களப்பணிக்கு (நிறுவனங்களுக்கு நேரில் போய்ச் செய்யும் பயிற்சி) என்று ஒன்றுமே வைக்கவில்லை. அப்படி ஒரு செலவு இருக்கிறது என்றே தெரியாது.

இப்போது ஒரு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் யாராவது ஒரு தங்கை, தம்பி போன் செய்து இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் இருந்து சேர்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எந்த வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

எம்.எஸ்.டபிள்யூ 2 வருடம், 4 செமஸ்டர். எந்த டிகிரி முடித்திருந்தாலும் சேரலாம், பி.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி இளங்கலை) கட்டாயம் இல்லை. மதிப்பெண் வரம்பு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 50 சதவீதம் வைத்திருந்தால் பெரும்பாலான கதவுகள் திறந்திருக்கும்.

சிறப்புப் பிரிவு என்ற ஒன்று இருக்கிறது. சமூக மேம்பாடு, மருத்துவ மற்றும் மனநல சமூகப் பணி, குடும்பம் மற்றும் குழந்தை நலம், மனித வள மேலாண்மை ஆகியவைதான் நம் ஊரில் அதிகம் கிடைப்பவை. சில கல்லூரிகளில் சேரும்போதே எடுக்க வேண்டும், சிலவற்றில் முதல் வருடம் முடிந்த பிறகு. இதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். என்னுடன் படித்த ஒரு பெண் மனநலம் படிக்க ஆசைப்பட்டு வந்தாள். அந்த வருடம் அந்தப் பிரிவுக்குப் போதிய ஆள் சேரவில்லை என்று வேறு பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். "கடந்த 3 வருடத்தில் இந்தப் பிரிவு தொடர்ந்து நடந்ததா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. எம்.ஏ சமூகவியலும் எம்.எஸ்.டபிள்யூவும் ஒன்றல்ல. சில வேலை அறிவிப்புகளில் சமூகப் பணி, சமூகவியல் இரண்டையும் ஏற்றுக்கொள்வார்கள். மருத்துவமனை, மனநலம் பக்கம் போனால் எம்.எஸ்.டபிள்யூவைத்தான் கேட்பார்கள். நீங்கள் போக விரும்பும் வேலையின் அறிவிப்பு ஒன்றை எடுத்து, தகுதி என்ற வரியைப் படித்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

2. கல்லூரியைக் களப்பணியை வைத்து எடை போடுங்கள்

சென்னை எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952 முதல் நடக்கிறது. சென்னையிலேயே லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரத்தில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கின்றன. திருச்சியில் பிஷப் ஹீபர், கோவையில் பி.எஸ்.ஜி கலை அறிவியல் கல்லூரி, மதுரையில் மதுரை இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ், திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி என்று ஒவ்வொரு பக்கமும் வழி உண்டு. மத்திய அரசுப் பக்கம் போனால் திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம். வெளி மாநிலம் போகத் தயார் என்றால் 1936இல் தொடங்கிய மும்பை டாடா சமூக அறிவியல் கழகம், எல்லோரும் டிஸ் என்று சொல்வது.

பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். துறைக்கு நேரில் போய், அல்லது அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரைப் பிடித்து, இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

- வாரத்துக்கு எத்தனை நாள் களப்பணி? எந்த எந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள்?
- அந்த நிறுவனங்களில் உங்களை மேற்பார்வை செய்பவர் சமூகப் பணி படித்தவரா?
- ஆசிரியர் உங்கள் ரிப்போர்ட்டை வாரா வாரம் படித்துத் திருத்துகிறாரா, செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிறாரா?
- ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியம். கட்டடம், ஏசி வகுப்பு எல்லாம் அப்புறம். வாரா வாரம் ரிப்போர்ட்டைப் படிக்கும் ஒரு ஆசிரியர் இருந்தால் சுமாரான கல்லூரியிலும் நல்ல சமூகப் பணியாளராக வெளியே வரலாம்.

தொலைநிலைக் கல்வியில் படிக்க நினைப்பவர்களுக்கு இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.எஸ்.டபிள்யூ இருக்கிறது. அதிலும் களப்பணி கட்டாயம். குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கும் ஏற்கெனவே தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் அது சரியான வழி. ஆனால் "களப்பணி எல்லாம் தேவையில்லை, புத்தகம் வரும், பரீட்சை எழுதினால் போதும்" என்று யாராவது எம்.எஸ்.டபிள்யூ விற்க வந்தால் பணம் கட்டாதீர்கள். எந்தத் தொலைநிலைப் படிப்பாக இருந்தாலும் அந்த வருடத்துக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று தொலைநிலைக் கல்விக்கான அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

3. தேதிகள்: இரண்டு வண்டி, இரண்டு நேரம்

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் டிஸ்ஸுக்கும் கியூட் பிஜி என்ற தேசிய நுழைவுத் தேர்வு. அதற்கான விண்ணப்பம் பொதுவாக டிசம்பர், ஜனவரி வாக்கில் திறக்கும், தேர்வு மார்ச்சில் வரும். அப்போது நீங்கள் இளங்கலைக் கடைசி செமஸ்டரில்தான் இருப்பீர்கள். "முதலில் டிகிரியை முடிப்போம்" என்று இருந்தால் அந்த வண்டி போய்விடும். 2025இல் பொதுப் பிரிவுக்குக் கட்டணம் 1,400 ரூபாய். மற்ற பிரிவினருக்குக் குறைவு.

இந்தத் தேர்வை எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. மதிப்பெண் வந்தபின் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, அழைப்பு தானாக வரும் என்று வீட்டில் காத்திருந்து இடத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

மாநிலக் கல்லூரிகளுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை விண்ணப்பக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் இஷ்டப்படி தேதி வைப்பார்கள், சில இடங்களில் மே மாதமே முடிந்துவிடும். மார்ச் கடைசியிலிருந்து வாரம் ஒரு முறை அவர்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கலாம். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். விண்ணப்பத்தில் எந்தப் பெட்டியில் டிக் போடுகிறீர்கள் என்று கவனமாகப் பாருங்கள்.

4. சான்றிதழ்கள்: ஜனவரியிலேயே தொடங்குங்கள்

கையில் இருக்க வேண்டியவை:

- 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்
- இளங்கலை எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், ப்ரொவிஷனல் சான்றிதழ்
- டிசி, நன்னடத்தைச் சான்றிதழ்
- சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்
- ஆதார், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு
- வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் மைக்ரேஷன் சான்றிதழ். சில இடங்களில் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள்
- பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஒரு டஜன்

என்னைக் கவிழ்த்தது ப்ரொவிஷனல். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகும் அது வர வாரக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்துக்கு, இளங்கலைக் கல்லூரி முதல்வரிடம் "இறுதித் தேர்வு எழுதியிருக்கிறார், முடிவுக்குக் காத்திருக்கிறார்" என்று லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ப்ரொவிஷனலைப் பிறகு தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பல கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும். எனக்கு அப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது. அலுவலக ஜன்னலில் "ப்ரொவிஷனல் இல்லையா?" என்றார்கள், "இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஒரு வருடம் போனது.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். சேர்த்த பிறகு தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகும்.

அடுத்தது பெயர். நம் ஊரில் இன்ஷியல் ஒரு சான்றிதழில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். தேசியத் தேர்வு விண்ணப்பத்தில் 10ஆம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி அப்படியே எழுதுங்கள். ஆதாரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். உதவித்தொகை வரும் நேரத்தில் திருத்த ஓடினால் அந்த வருடப் பணம் கைக்கு வராமலே போகும்.

சாதி, வருமானச் சான்றிதழ்கள் இ-சேவை மையத்தில் ஒன்றுக்கு 60 ரூபாய். முதல் முறை போகிறவர்கள் கேன் எண் (இ-சேவையில் உங்களுக்கான அடையாள எண்) பதிய வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, ஆதாரோடு இணைத்த போன் மூன்றையும் எடுத்துப் போங்கள், ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வரும். மாநிலக் கல்லூரிக்கு இந்த பிசி, எம்பிசி சான்றிதழ் போதும். மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போதாது. அதற்கு மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று சொல்லும் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டுக்குரியதாக. நம் மாநில பிசி பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓபிசி என்று டிக் போட்டுவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர்.

5. பணம்: கட்டண ரசீதில் வராத செலவு

கல்லூரிக் கட்டணம் ரசீதில் தெளிவாக இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாரும் சொல்லாத செலவு களப்பணிக்கு ஆவது. முதல் செமஸ்டரில் நான் நோட்டில் எழுதி வைத்த கணக்கு இது. ஷேர் ஆட்டோ போக வர நாளுக்கு 40 ரூபாய், 32 நாளுக்கு 1,280. வெளியே சாப்பாடு, டீ நாளுக்கு 60 வீதம் 1,920. ரிப்போர்ட் பிரிண்ட், ஃபைல், பைண்டிங் 900. குழந்தைகளுக்கு நடத்திய நிகழ்ச்சிக்குச் சார்ட், ஸ்கெட்ச், பிஸ்கட் என்று 750. ரூரல் கேம்ப் (கிராமத்தில் தங்கும் முகாம்) பங்குத் தொகை 2,500. மொத்தம் 7,350 ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால்தான் இந்த அளவோடு நின்றது. ஆண்கள் இதோடு பஸ் காசையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி செமஸ்டரில் வெளியூரில் ஒரு மாதம் தங்கியபோது தனியாக 9,000 ஆனது.

"பார்ட் டைம் வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்போடு வராதீர்கள். களப்பணி நாள் காலை முதல் மாலை வரை போகும், அன்று இரவே ரிப்போர்ட் எழுத வேண்டும். சனி, ஞாயிறு டியூஷன் எடுத்துச் சமாளித்தவர்கள் உண்டு. தினமும் மாலை 5 மணிக்கு வேலை என்றால் முடியாது.

உதவித்தொகை விஷயத்தில் மூன்று குறிப்புகள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். பிசி, எம்பிசி மாணவர்களுக்கு அந்தத் துறையின் உதவித்தொகை உண்டு. கல்லூரி அலுவலகத்தில் யூமிஸ் எண்ணோடு (உயர்கல்வி மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்) பதிய வேண்டும், சேர்ந்த முதல் வாரமே போய்க் கேளுங்கள். மூன்றாவதாக, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த தங்கைகள் கவனிக்க வேண்டும்: அது முதல் பட்டப்படிப்போடு நின்றுவிடும். முதுகலையில் வரும் என்று கணக்குப் போட்டுச் சேராதீர்கள்.

6. நுழைவுத் தேர்வும் நேர்காணலும்

கியூட் பிஜியில் 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். மாநிலக் கல்லூரிகளில் சிறிய எழுத்துத் தேர்வு, குழு விவாதம், நேர்காணல் என்று ஏதாவது ஒரு கலவை இருக்கும்.

நேர்காணலில் "ஏன் சமூகப் பணி?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். "மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்பதோடு நிறுத்தாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் தெருவில் நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். நான் எங்கள் ஊர் ரேஷன் கடையில் கைரேகை பதியாததால் திரும்பிப் போகும் பாட்டிகளைப் பற்றிச் சொன்னேன். அவர்களுக்கு யாரிடம் போக வேண்டும் என்று சொல்ல ஆளில்லை, அந்த ஆளாக இருக்க எனக்குப் படிப்பு வேண்டும் என்றேன். அதன்பின் பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். களத்தில் உங்கள் தமிழ்தான் பெரிய சொத்து. ஆனால் பல கல்லூரிகளில் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் கேட்பார்கள். சேரும் முன் இரண்டு மாதம், தினமும் அன்று நடந்த ஒரு விஷயத்தைப் பத்து வரி எளிய ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். எனக்கு மிகவும் உதவிய பயிற்சி இதுதான்.

7. களப்பணி: படிப்பே இதுதான்

பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு 2 நாள், 15 மணி நேரம் என்பது கணக்கு. முதலில் சில வாரம் பல நிறுவனங்களைக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். பிறகு உங்களை ஒரு இடத்தில் போடுவார்கள்: குழந்தைகள் இல்லம், மருத்துவமனை, மறுகுடியமர்த்தப்பட்ட குடியிருப்பு, பள்ளி, முதியோர் இல்லம், தொண்டு நிறுவனம். அங்கே ஒருவர் மேற்பார்வை, கல்லூரியில் ஒரு ஆசிரியர் மேற்பார்வை. வாரம் ஒரு நாள் ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், அதை ஐசி என்பார்கள். எல்லோரும் சேர்ந்து உட்காருவது ஜிசி. கடைசியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. களப்பணியில் தோற்றால் மற்றத் தாள்களில் எவ்வளவு எடுத்தாலும் அது ஈடாகாது. வருகை குறைந்தால் விடுமுறையில் போய் நாளை நிரப்ப வேண்டும்.

முதல் நாள் எடுத்துப் போக வேண்டியவை: கல்லூரியின் கடிதம் இரண்டு பிரதி (ஒன்றில் அவர்கள் கையெழுத்து, முத்திரை வாங்கித் திரும்பக் கொண்டுவர), அடையாள அட்டை, வருகைத் தாள், சிறிய நோட்டு, தண்ணீர் பாட்டில். வருகைத் தாளில் அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். "வெள்ளிக்கிழமை சேர்த்துப் போட்டுக்கலாம்மா" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவர் லீவில் இருப்பார். என் முதல் செமஸ்டரில் 4 நாள் கையெழுத்து இப்படி விட்டுப்போய், அந்த மேற்பார்வையாளர் வேலையை விட்டும் போய்விட்டார். அந்த 4 நாளையும் தீபாவளி விடுமுறையில் மறுபடி செய்தேன்.

இனி ரிப்போர்ட். இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு முதலில் கொடுத்த கேஸ், காசநோய் மாத்திரையை மூன்றாவது மாதம் நிறுத்திவிட்ட ஒருவர். 6 மாதம் தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரை அது. வீட்டுக்குப் போனேன், பேசினேன், ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன்: "குடும்பம் வறுமையில் உள்ளது. நோயாளிக்கு விழிப்புணர்வு இல்லை. மாத்திரையின் முக்கியத்துவத்தை எடுத்துரைத்தேன்." ஆசிரியர் "வறுமை" என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் "எதைப் பார்த்து?" என்று எழுதியிருந்தார். "விழிப்புணர்வு இல்லை" என்பதன் அடியில் கோடு. ஓரத்தில் ஒரே ஒரு சொல்: "கேட்டாயா?"

கேட்கவில்லை. நான் பேசினேன், அவர் தலையாட்டினார், அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த வாரம் போனபோது நோட்டை மூடி வைத்துவிட்டு, "உங்க ஒரு நாள் எப்படிப் போகும்ண்ணா, காலைல இருந்து சொல்லுங்க" என்றேன். காலை 4 மணிக்கு மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போகிறார். 9 மணிக்குத்தான் வீடு. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மூட்டை தூக்க முடியவில்லை, ஒரு நாள் வேலை போனால் அன்றைய கூலி போச்சு. மாத்திரை எதற்கு என்று அவருக்கு நன்றாகவே தெரியும். மாத்திரையை வேலைக்குப் போய் வந்த பிறகு போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுச் சொன்னோம். மருத்துவர் சரி என்றார். அந்த அண்ணன் மாத்திரையை மறுபடி தொடங்கினார்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் வறுமை என்ற சொல்லே வரவில்லை. ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அடகு வைத்த தோடு, 4 மணி மூட்டை, வெறும் வயிற்றுக் குமட்டல் இவற்றைத்தான் எழுதினேன். ஆசிரியர் எதுவும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டார். எனக்கு அன்றுதான் இந்தப் படிப்பு என்னவென்று புரிந்தது.

ஆகவே ரிப்போர்ட் எழுதும்போது பார்த்தது, கேட்டது, நீங்கள் நினைத்தது மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அன்று இரவே எழுதுங்கள், இரண்டு நாள் போனால் அவர் சொன்ன வார்த்தை மறந்து உங்கள் வார்த்தைதான் நினைவில் நிற்கும். சீனியரின் ரிப்போர்ட்டைக் காப்பி அடிக்காதீர்கள். ஆசிரியர்களுக்குக் கட்டாயம் தெரிந்துவிடும், அது மட்டும் காரணமல்ல. ஒரு மனிதர் நம்மிடம் சொன்ன கதைக்குப் பதிலாக வேறொருவர் கதையை எழுதி வைப்பது அவருக்குச் செய்யும் துரோகம்.

சில விஷயங்களில் சட்டமே இருக்கிறது, விளையாடக் கூடாது:

- ரிப்போர்ட்டில் உண்மைப் பெயர், முகவரி வேண்டாம். குழந்தைகள் இல்லத்தில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது.
- ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தகவல் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். அதே நாளில் நிறுவன மேற்பார்வையாளருக்கும் ஆசிரியருக்கும் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 போனில் இருக்கட்டும். அந்தக் குழந்தையிடம் மறுபடி மறுபடி நீங்களே விசாரிக்க வேண்டாம்.
- உங்கள் கைக்காசை உதவியாகக் கொடுக்காதீர்கள். மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. எந்தத் திட்டத்தில் பணம் வரும் என்று தேடி, விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கூடப் போய் நிற்பதுதான் நாம் கற்றுக்கொள்ள வந்தது.
- முதல் வீட்டுச் சந்திப்புகளுக்குத் தனியாகப் போகாதீர்கள். இருட்டும் முன் திரும்புங்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். சரியில்லை என்று தோன்றினால் பாதியில் எழுந்து வரலாம், அதற்காக எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்க மாட்டார். நிறுவனத்தில் யாராவது உங்களிடம் தவறாக நடந்தால் இடம் மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை. எழுத்தில் கொடுங்கள்.

நிறுவனத்தில் உங்களை டைப் அடிக்கவும் ஃபைல் அடுக்கவும் மட்டும் வைத்திருந்தால் மூன்று வாரத்துக்கு மேல் பொறுக்காதீர்கள். கல்லூரியின் களப்பணிக் கையேட்டில் அந்த செமஸ்டரில் நீங்கள் செய்ய வேண்டியவை இருக்கும்: இத்தனை கேஸ் ஒர்க் (தனி நபரோடு செய்யும் பணி), ஒரு குரூப் ஒர்க் (குழுவோடு செய்யும் பணி), ஒரு சமூக நிகழ்ச்சி என்று. அந்தப் பக்கத்தைக் காட்டி, "சார், இதை முடிக்க எனக்கு எப்போது நேரம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வழி பிறக்கும்.

8. ரூரல் கேம்ப், ஆய்வு, பிளாக் பிளேஸ்மென்ட்

ரூரல் கேம்ப் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். பள்ளிக்கூட வராண்டாவிலோ சமுதாயக் கூடத்திலோ தங்குவீர்கள். கழிப்பறை, தண்ணீர் வசதியை முன்கூட்டிப் போய்ப் பார்க்கும் குழுவில் கட்டாயம் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கணக்கைப் பொறுப்பெடுக்கும் வாய்ப்பு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 40 பேருக்குப் பத்து நாள் பட்ஜெட் போட்ட அனுபவம் பின்னால் வேலை நேர்காணலில் பேசும்.

ஆய்வுத் தலைப்பை மூன்றாம் செமஸ்டரிலேயே முடிவு செய்யுங்கள். மருத்துவமனை நோயாளிகளைப் பற்றி என்றால் அங்குள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கே மாதங்கள் ஆகலாம்.

பிளாக் பிளேஸ்மென்ட் என்பது ஏறக்குறைய ஒரு மாதம், முழு நேரம், நீங்களே தேர்ந்தெடுக்கும் இடத்தில். பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல மருத்துவ நிறுவனம்), வேலூர் சிஎம்சி மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போட்டி அதிகம். 4 முதல் 6 மாதம் முன்பே கல்லூரி வழியாகக் கடிதம் போக வேண்டும். பயிற்சிக் கட்டணம் உண்டா, தங்க இடம் தருவார்களா என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். வேலை பார்க்க விரும்பும் இடத்திலேயே பிளாக் செய்வது நல்லது. என் இப்போதைய வேலை அப்படித்தான் வந்தது.

9. முடித்த பிறகு: வேலை, எம்.ஃபில், நெட்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை நமக்கான முதல் கதவுகள். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலைக்கும் எம்.எஸ்.டபிள்யூ படித்தவர்களை எடுக்கிறார்கள். மனித வளம் படித்தவர்களுக்குத் தொழிற்சாலைகள்.

சம்பளம் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அண்மை ஆண்டுகளில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அறிவிப்புகளில் சமூகப் பணியாளருக்கு மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய் என்று வருகிறது. ஒப்பந்த வேலை. வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்கள் என்றால் இந்த எண்ணை அவர்களிடம் முன்பே சொல்லிவிட்டுச் சேருங்கள். இந்த அறிவிப்புகள் மாவட்டத்தின் இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பகுதியில் வரும், விண்ணப்பிக்கப் பெரும்பாலும் இரண்டு வாரம்தான் கிடைக்கும்.

மனநலத்தில் போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப் பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூவோடு, மருத்துவப் பயிற்சி அடங்கிய 2 வருட முழுநேர எம்.ஃபில்லும் (முதுகலைக்குப் பின் படிக்கும் பட்டம்) முடித்தவர் என்று சொல்கிறது. நிம்ஹான்ஸ் போன்ற சில இடங்களில்தான் அது உண்டு. எம்.ஃபில் பட்டத்தையே யுஜிசி நிறுத்திவிட்ட நிலையில், மனநல சமூகப் பணி, மருத்துவ உளவியல் எம்.ஃபில்களுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. நீங்கள் படிக்கும் நேரத்தில் அந்தப் படிப்பு எந்தப் பெயரில், எந்த ஒப்புதலோடு நடக்கிறது என்று நிறுவனத்தின் அந்த வருட அறிவிப்பில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நெட் (தேசியத் தகுதித் தேர்வு) கல்லூரி ஆசிரியராக விரும்புபவர்களுக்கும் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கும். சமூகப் பணிக்குப் பாட எண் 10. கள வேலைக்கு அது தேவையில்லை. கடைசி செமஸ்டரில் ஆய்வு, பிளாக், நெட் மூன்றையும் ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டு மூன்றிலும் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து எழுதலாம், வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது.

10. கடைசி நாளில் வாங்க வேண்டியவை

ஒவ்வொரு செமஸ்டரும் நிறுவனத்தை விட்டுக் கிளம்பும் நாளிலேயே களப்பணி முடித்த சான்றிதழை லெட்டர்பேடில் வாங்கிவிடுங்கள். அதில் தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை மூன்றும் இருக்க வேண்டும். "திறம்படச் செயல்பட்டார்" என்று மட்டும் இருந்தால் வேலைக்குப் பயன்படாது, நீங்களே ஒரு மாதிரி எழுதிக் கொடுத்துக் கையெழுத்துக் கேளுங்கள், தவறில்லை.

நீங்கள் சந்தித்துக்கொண்டிருந்தவர்களிடம் கடைசி இரண்டு வாரத்திலேயே "இன்னும் இரண்டு தடவைதான் வருவேன், அப்புறம் இவங்க வருவாங்க" என்று சொல்லி, அடுத்து வருபவரை நேரில் அறிமுகப்படுத்துங்கள். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். மார்க்கெட் அண்ணன் வீட்டுக்கு நான் கடைசியாகப் போனபோது, அவருக்கு மாத்திரை முடிய இன்னும் 5 வாரம் இருந்தது. எனக்கு அடுத்து அங்கே வந்த ஜூனியர் தம்பியைக் கூட்டிப்போய், அவர் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்று நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்: காலை 9 மணிக்குப் பிறகு, ஞாயிறு தவிர.